ஒரு டாலர் கொடுத்தால் ஆறு டாலர்: நிதி திரட்டித் தரும் அமைப்புகளிடம் நன்கொடையாளர்கள் ஏன் தயங்குகிறார்கள்?

"எங்களுக்கு 1 டாலர் தாருங்கள். அதை வைத்து மலேரியா தடுப்பு போன்ற வேலைகளைச் செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கு 6 டாலர் திரட்டித் தருகிறோம்." பிற தொண்டு நிறுவனங்களுக்காக நிதி திரட்டும் அமைப்புகள் வைக்கும் வேண்டுகோளின் சாரம் இதுதான். எண் மட்டும் மாறும். சிலர் மூன்று என்பார்கள், சிலர் பத்து என்பார்கள். கணக்கு சரியாக இருந்தால், கொசுவலை வாங்க நேரடியாகப் பணம் அனுப்புவதைவிட இவர்களிடம் கொடுப்பதுதான் லாபம். ஆனால் நடப்பது வேறு. கொசுவலைக்கு யோசிக்காமல் கொடுப்பவர்களில் பெரும்பாலோர், கொசுவலைக்குக் காசு திரட்டுபவரின் சம்பளத்துக்குக் கொடுப்பதில்லை.

மக்கள் உணர்ச்சிவசப்பட்டுக் கொடுக்கிறார்கள், கணக்குப் பார்ப்பதில்லை என்று இதற்கு வழக்கமாக ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. உணர்ச்சிக்கு இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தயங்குபவர்களில் பலர் கணக்குப் பார்த்துத்தான் தயங்குகிறார்கள். "நீங்கள் இல்லாவிட்டாலும் அந்தப் பணம் வந்திருக்காதா?" என்பது அவர்களுடைய கேள்வி. அதற்கு நேராகப் பதில் சொல்லும் அமைப்புகள் குறைவு.

இந்த வகை அமைப்புகள் புதிதல்ல. அமெரிக்காவின் டென்வர் நகரில் 1887-இல் சில மதத் தலைவர்களும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து, பல தொண்டு அமைப்புகளுக்கும் பொதுவாக ஒரே வசூல் நடத்தினார்கள். இன்றைய யுனைட்டெட் வே தன் தொடக்கமாகச் சொல்வது இதைத்தான். வீட்டுக் கதவை ஆளாளுக்கு வந்து தட்டுவதைவிட ஒருவரே வந்து வாங்கிப் பிரித்துக் கொடுத்தால் எல்லோருக்கும் அலைச்சல் மிச்சம் என்பது அதன் நியாயம். பிரிட்டனில் 1963-இல் உருவான பேரிடர் அவசரநிலைக் குழுவும் அப்படித்தான். பூகம்பமோ பஞ்சமோ வந்தால் பெரிய நிவாரண நிறுவனங்கள் தனித்தனியே போட்டி போடாமல் ஒரே வேண்டுகோள் விடுக்கும். வரும் பணத்தை முன்பே ஒப்புக்கொண்ட விகிதத்தில் பிரித்துக்கொள்ளும். 1985-இல் தொடங்கிய காமிக் ரிலீஃப் நகைச்சுவைக் கலைஞர்களை வைத்துத் திரட்டி, பிற அமைப்புகளுக்கு மானியமாகக் கொடுத்தது.

கடந்த இருபது ஆண்டுகளில் வந்தவை கொஞ்சம் வேறு ரகம். 2007-இல் தொடங்கிய கிவ்வெல் எந்தத் தொண்டு நிறுவனம் குறைந்த பணத்தில் அதிக உயிர்களைக் காப்பாற்றுகிறது என்று ஆராய்ந்து பட்டியல் போடுகிறது. 2009-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய கிவிங் வாட் வீ கேன், வருமானத்தில் 10 சதவீதத்தை வாழ்நாள் முழுக்கக் கொடுப்பதாக மக்களிடம் உறுதிமொழி வாங்குகிறது. 2014-இல் போக்கர் என்ற சூதாட்டச் சீட்டாட்டத்தைத் தொழிலாக ஆடும் சிலர் சேர்ந்து, ஜெயிக்கும் பணத்தில் குறைந்தது 2 சதவீதத்தைக் கொடுக்கும்படி சக ஆட்டக்காரர்களைக் கேட்கும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். ஃபவுண்டர்ஸ் பிளெட்ஜ் என்ற அமைப்பு, நிறுவனத்தை விற்கும்போது கிடைப்பதில் ஒரு பங்கைத் தருவதாகத் தொழில்முனைவோரிடம் எழுதி வாங்குகிறது. இவர்கள் எல்லோருக்கும் அலுவலகச் செலவும் ஊழியர் சம்பளமும் உண்டு. அதை யார் கொடுப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் மனத்தில் எழும் தடையைப் பார்க்கலாம். நன்கொடை என்றதும் ஒரு குழந்தையின் முகமோ, கிணற்றில் ஊறும் தண்ணீரோ கண்ணில் வருகிறது. மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கும் ஊழியரின் மேசை வருவதில்லை. நேரடித் தொண்டு நிறுவனத்திலேயே நிர்வாகச் செலவு என்றால் முகம் சுளிப்பவர்களுக்கு, மொத்த வேலையுமே நிர்வாகச் செலவாகத் தெரியும் ஓர் அமைப்பு எப்படித் தெரியும்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றுதான் தோன்றும்.

இந்த வெறுப்பு எவ்வளவு ஆழமானது என்பதை யூரி நீஸி உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2014-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஒரு சோதனை காட்டியது. 40,000 பேரை நான்கு குழுவாகப் பிரித்துக் கடிதம் அனுப்பினார்கள். ஒரு குழுவுக்கு வெறும் வேண்டுகோள். இரண்டாவது குழுவிடம், ஒருவர் ஏற்கெனவே பெரிய தொகையைக் கொடுத்துத் தொடங்கி வைத்திருக்கிறார் என்றார்கள். மூன்றாவது குழுவிடம், நீங்கள் கொடுப்பதற்கு ஈடாக இன்னொருவரும் கொடுப்பார் என்றார்கள். நான்காவது குழுவிடம், நிர்வாகச் செலவு முழுவதையும் இன்னொருவர் ஏற்றுக்கொண்டார், உங்கள் பணம் முழுதும் திட்டத்துக்கே போகும் என்றார்கள். கடைசிக் குழுவிலிருந்து வந்த தொகை, வெறும் வேண்டுகோள் பெற்ற குழுவிடமிருந்து வந்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. கொடுத்தது இரட்டிப்பாகும் என்ற வாக்குறுதியைவிட, சுமைகூலியில் போகாது என்ற வாக்குறுதி அவர்களை அதிகம் அசைத்தது.

இதைப் புரிந்துகொண்ட நிறுவனங்கள் தங்களை அதற்கேற்ப அமைத்துக்கொண்டன. குடிநீர்த் திட்டங்களுக்கு நிதி திரட்டி, களத்தில் உள்ள கூட்டாளி அமைப்புகளுக்குக் கொடுக்கும் சாரிட்டி வாட்டர் 2006-இலிருந்து இப்படித்தான் இயங்குகிறது. பொதுமக்கள் பணம் முழுதும் திட்டங்களுக்கு, அலுவலகச் செலவுக்குத் தனியாகச் சில பணக்கார நன்கொடையாளர்கள். கொசுவலை தரும் அகைன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷனும் பொதுமக்கள் பணத்தில் வலை மட்டுமே வாங்குவதாகச் சொல்கிறது. இதில் பொய் இல்லை. ஆனால் செலவு மறைந்துவிடவில்லை, கொடுக்கும் கை மாறியது, அவ்வளவுதான். காமிக் ரிலீஃபும் பொதுமக்கள் தரும் ஒவ்வொரு பவுண்டும் திட்டங்களுக்கே என்று உறுதி சொல்லி வந்தது. அப்படியானால் அலுவலகச் செலவு? அனுசரணையாளர்களிடமிருந்தும், விநியோகிக்கும் வரை பணத்தை முதலீடு செய்து வரும் வருமானத்திலிருந்தும். அந்த முதலீடுகளில் ஆயுதம், புகையிலை, மது நிறுவனங்களின் பங்குகளும் இருந்ததை 2013-இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி வெளிக்கொணர்ந்தபோது பெரிய கொந்தளிப்பு எழுந்தது. "உங்கள் பணத்தைத் தொடமாட்டோம்" என்ற வாக்குக்கும் ஒரு விலை இருக்கிறது.

சந்தேகத்துக்குக் காரணமும் இருக்கிறது. யுனைட்டெட் வேயின் அமெரிக்கத் தலைவராக இரண்டு பதிற்றாண்டுகளுக்கு மேல் இருந்த வில்லியம் அரமோனி, ஆடம்பரச் செலவு விவகாரத்தில் 1992-இல் பதவி விலகினார். 1995-இல் மோசடிக் குற்றம் நிரூபிக்கப்பட்டு ஏழு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். 2015-இல் அமெரிக்க வணிக ஆணையமும் 50 மாநிலங்களும் சேர்ந்து, புற்றுநோய் நோயாளிகளின் பெயரில் 187 மில்லியன் டாலர் திரட்டிய நான்கு அமைப்புகள்மீது வழக்குப் போட்டன. அந்தப் பணத்தில் பெரும்பகுதி அமைப்பை நடத்தியவர்களுக்கும் கூலிக்கு வசூலித்துக் கொடுத்த நிறுவனங்களுக்கும் போயிருந்தது. இதையெல்லாம் செய்தியில் படித்த ஒருவர், நடுவில் நிற்பவரிடம் பணத்தைக் கொடுக்க யோசிப்பதை எப்படிக் குறை சொல்ல முடியும்?

அதே சமயம், செலவு அதிகம் என்ற ஒரே காரணத்துக்காகக் கைவிடுவதும் தப்பான இடத்தில் கொண்டுபோய் விடும். டான் பல்லோட்டா நடத்திய நிறுவனம் 1990-களில் எய்ட்ஸ் சிகிச்சைக்காக நெடுந்தூர சைக்கிள் பயணங்களையும், பிறகு மார்பகப் புற்றுநோய்க்காக மூன்று நாள் நடைப்பயணங்களையும் நடத்திப் பெருந்தொகை திரட்டியது. லாப நோக்கில் நடந்த நிறுவனம் அது. விளம்பரத்துக்கும் ஏற்பாடுகளுக்கும் தாராளமாகச் செலவழித்தது. விமர்சனம் வலுத்தது, ஆதரவு தந்த பெரிய நிறுவனங்கள் விலகின, 2002-இல் மூடவேண்டியதாயிற்று. அடுத்த ஓர் ஆண்டில் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அந்த நடைப்பயணங்கள் மூலம் போன நிகரத் தொகை 84 சதவீதம், அதாவது 60 மில்லியன் டாலர், குறைந்துவிட்டது என்று பல்லோட்டா 2013-இல் ஒரு மேடையில் சொன்னார். அவர் தன் தரப்பைத்தான் சொல்கிறார், அதை மறக்கக்கூடாது. ஆனாலும் கேட்கவேண்டிய கேள்வியை அவர் கேட்டார்: சேர வேண்டிய இடத்துக்கு முடிவில் எவ்வளவு போனது? செலவு விகிதம் அழகாக இருக்கவேண்டும் என்று பார்க்கும் அமைப்பு, எளிதில் கொடுக்கக்கூடிய பத்துப் பேரிடம் வாங்கிக்கொண்டு நின்றுவிடலாம். விகிதம் பிரமாதமாக இருக்கும், தொகை கையளவாக இருக்கும்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். எப்படியும் வந்திருக்கும் பணம் எது, இவர்களால் வந்த பணம் எது?

ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். உறுதிமொழி அமைப்பு ஒன்றின் கட்டுரையைப் படிக்கிறார். அதில் இருந்த சுட்டி வழியாகக் கிவ்வெல் போன்ற ஓர் ஆய்வு அமைப்பின் பட்டியலைப் பார்க்கிறார். அதிலிருந்து ஒரு கொசுவலை நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து 1,000 டாலர் அனுப்புகிறார். ஆண்டு முடிவில் உறுதிமொழி அமைப்பின் அறிக்கையில் அந்த 1,000 ஏறுகிறது. ஆய்வு அமைப்பின் அறிக்கையிலும் ஏறுகிறது. கொசுவலை நிறுவனமோ, "எங்கள் நிதி திரட்டும் குழு செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் இவ்வளவு வந்தது" என்று தன் கணக்கிலும் எழுதிக்கொள்கிறது. மூவருமே பொய் சொல்லவில்லை. மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அது நடந்திருக்காது என்றுகூட வாதிடலாம். ஆனால் மூன்று அறிக்கைகளையும் கூட்டினால் 3,000 டாலர். வங்கியில் இருப்பது 1,000.

கதை அதோடு முடிவதில்லை. அந்தப் பெண்மணி ஒவ்வோர் ஆண்டும் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 700 டாலர் கொடுத்துவந்தவர் என்று வையுங்கள். இந்த ஆண்டு அங்கே கொடுக்கவில்லை. அப்படியானால் உலகத்துக்குப் புதிதாக வந்தது 300 டாலர்தான். மீதி 700 ஒரு நல்ல வேலையிலிருந்து இன்னொரு நல்ல வேலைக்கு நகர்ந்த பணம். கொசுவலை பல மடங்கு பயனுள்ளது என்று நம்புபவர்கள் அந்த 700-ஐயும் லாபமாகவே பார்ப்பார்கள். அப்படி நம்பாதவருக்கு அது லாபமே இல்லை. ஆகவே 'ஆறு மடங்கு' என்ற எண் எல்லாருக்கும் ஒரே எண் அல்ல, எந்த வேலை எவ்வளவு உயர்ந்தது என்ற மதிப்பீடும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

ஆறு மாதம் கழித்து அதே பெண்மணிக்கு ஒரு கேள்வித்தாள் வருகிறது: "நாங்கள் இல்லாவிட்டால் நீங்கள் எவ்வளவு கொடுத்திருப்பீர்கள்?" யாருக்குத் தெரியும்? நல்ல மனிதர்கள், நல்ல வேலை செய்கிறார்கள், அவர்கள் மனம் நோகவேண்டாமே என்று "பாதி" என்று போடுகிறார். இந்த அமைப்புகளின் கணக்குகளில் கணிசமான பகுதி இப்படிப்பட்ட பதில்கள்மேல்தான் நிற்கிறது. வேறு வழியும் அதிகம் இல்லை. ஒருவர் வாழ்வை இரண்டு முறை ஓட்டிப் பார்க்க முடியாதே.

உறுதிமொழி அமைப்புகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இன்று 25 வயதில் கையெழுத்திடுபவர் அடுத்த நாற்பது ஆண்டுகளில் கொடுக்கப்போவதை இன்றே கணக்கில் சேர்க்கலாமா? சேர்த்தால் எண் வானத்தைத் தொடும். சேர்க்காவிட்டால் அமைப்பின் வேலையே கணக்கில் வராது. கிவிங் வாட் வீ கேன் 2020 முதல் 2022 வரையிலான தன் தாக்கத்தைத் தானே மதிப்பிட்டு, செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக 30 டாலர் பயனுள்ள தொண்டு நிறுவனங்களுக்குப் போனதாக அறிவித்தது. அந்த மதிப்பீட்டில், எப்படியும் வந்திருக்கும் பணத்தைக் கழித்திருக்கிறார்கள், எதிர்காலத் தொகையைக் குறைத்தே மதிப்பிட்டிருக்கிறார்கள், கணக்குப் போட்ட முறையையும் விரிவாக வெளியிட்டிருக்கிறார்கள். பாராட்டவேண்டிய விஷயம் இது. ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு தகவலும் உண்டு: பதிவான நன்கொடையில் பாதி, 1 சதவீதத்துக்கும் குறைவான நன்கொடையாளர்களிடமிருந்து வந்தது.

அதனால்தான் சராசரியைப் பார்த்து மயங்கக்கூடாது. ஓர் அமைப்பு 1,00,000 டாலர் செலவழித்து 6,00,000 திரட்டியது என்று வைத்துக்கொள்வோம். அதில் 4,00,000, தொடக்க நிறுவனம் ஒன்றை விற்ற ஒரே ஒருவர் கொடுத்தது. அவர் அமைப்பை நடத்துபவரின் பழைய நண்பர். மீதி 2,00,000-இல் பாதி எப்படியும் வந்திருக்கும். இப்போது அவர்கள் புதிதாக ஓர் ஊழியரைச் சேர்க்க உங்களிடம் கேட்கிறார்கள். உங்கள் பணம் இன்னொரு பணக்கார நண்பரைக் கொண்டுவருமா? வராது என்றால், உங்கள் டாலர் ஆறு டாலராக ஆவதில்லை, ஏறக்குறைய ஒரு டாலராகவே நிற்கும். கடந்த ஆண்டின் சராசரியைக் காட்டி அடுத்த டாலருக்குக் கேட்பது இந்தத் துறையில் மிகச் சாதாரணம். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் கொடுப்பவருக்குத் தேவையான எண் அது அல்ல.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி எழுகிறது. உண்மையிலேயே ஒன்றுக்கு ஆறு வருமானால், பலன் பெறும் கொசுவலை நிறுவனமே இவர்களுக்குப் பணம் கொடுத்து நடத்தலாமே? கேட்க நியாயமான கேள்வி, பதிலும் இருக்கிறது. திரட்டும் பணம் ஐந்தாறு நிறுவனங்களுக்குப் பிரிகிறது, ஒவ்வொன்றும் மற்றவர் கொடுக்கட்டும் என்று காத்திருக்கும். பொதுமக்கள் பணத்தில் வலை மட்டும்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்ட நிறுவனம் அதை மீறமுடியாது. பட்டியல் போட்டுப் பரிந்துரைக்கும் அமைப்போ, பரிந்துரைக்கப்படுபவரிடமே காசு வாங்கினால் அதன் நம்பகத்தன்மை போய்விடும். திரட்டிய தொகையில் இத்தனை சதவீதம் என்று கமிஷன் பேசுவதை நிதி திரட்டும் தொழில்முறையாளர்களின் நெறிமுறைகளே தடுக்கின்றன. கமிஷன் இருந்தால் நன்கொடையாளரை நெருக்கிப் பிடுங்கும் ஆசை வரும் என்பது காரணம். ஆகவே வெளியிலிருந்து யாராவது கொடுத்தால்தான் இந்த அமைப்புகள் நடக்கும்.

ஒருவருக்குத் திரட்டினால் இன்னொருவருக்குக் குறையும் என்ற பயம் எந்த அளவு உண்மை? அமெரிக்காவில் மொத்த நன்கொடை பல பத்தாண்டுகளாகப் பொருளாதார உற்பத்தியில் 2 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. எவ்வளவு பேர் எவ்வளவு கேட்டும் பானையின் அளவு மாறவில்லை என்று இதை வைத்து வாதிடுவார்கள். மறுபக்கம், பிரிட்டனின் பேரிடர் வேண்டுகோள்களை ஆராய்ந்த பொருளாதார ஆய்வு ஒன்றில் மொத்த நன்கொடை கூடியதாகத் தெரிந்தது. மற்ற நிறுவனங்களுக்கான நன்கொடை மொத்தத்தில் சரியவில்லை, வந்த நேரம்தான் கொஞ்சம் மாறியது. பேரிடர் என்பது தனி வகை. தொலைக்காட்சியில் பார்த்துக் கொதித்துக் கொடுப்பவரும், பட்டியல் பார்த்து ஆண்டுதோறும் கொடுப்பவரும் ஒரே மாதிரி நடந்துகொள்வார்கள் என்று சொல்லமுடியாது. ஆனால் பயம் தானாகவே உண்மையாகிவிடாது என்பதற்கு இது போதும்.

இவ்வளவுக்கும் பிறகு யார்தான் இவர்களை ஆதரிக்கிறார்கள்? பெரும்பாலும் மூன்று வகையினர் என்று தோன்றுகிறது. ஓபன் ஃபிலான்த்ரபி என்ற பெயரில் இயங்கிய அறக்கட்டளை போல, கணக்குகளைத் தோண்டிப் பார்க்க முழுநேர ஊழியர்களை வைத்திருப்பவர்கள். அமைப்பை நடத்துபவர்களை நேரில் அறிந்தவர்கள். அப்புறம், அந்த அமைப்பு மூலமாகவே கொடுக்கத் தொடங்கி, "என் வாழ்க்கையில் இது மாற்றம் செய்தது, இன்னொருவருக்கும் செய்யட்டும்" என்று நினைப்பவர்கள். மூவருக்கும் பொதுவானது அருகாமை. வெளியிலிருக்கும் ஒருவர் பார்க்கமுடியாததை இவர்களால் பார்க்கமுடிகிறது. அதில் ஆபத்தும் உண்டு: தெரிந்தவர் என்பதற்காகக் கொடுப்பதும், ஆய்ந்து கொடுப்பதும் வெளியே ஒரே மாதிரி தெரியும்.

இதனால் என் நிலைப்பாடு இதுதான். இந்த அமைப்புகளின் தொடக்கச் செலவை ஏற்கவேண்டியவர்கள், சோதித்துப் பார்க்க நேரமும் வசதியும் உள்ள பெரிய நன்கொடையாளர்கள். மாதம் ஒரு சிறு தொகை அனுப்பும் ஒருவர் கொசுவலைக்கே கொடுப்பதைப் பார்த்து, கணக்குத் தெரியாதவர் என்று முத்திரை குத்துவது அநியாயம். விருப்பமும் நம்பிக்கையும் இருந்தால், தருவதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் இவர்களுக்கு ஒதுக்கும் வழக்கமும் சிலரிடம் இருக்கிறது, நல்ல வழக்கம். ஒதுக்குமுன் அமைப்பிடம் கேட்டுப் பார்க்கலாம்: மிகப்பெரிய ஒரே நன்கொடையை எடுத்துவிட்டால் உங்கள் விகிதம் என்ன? எப்படியும் வந்திருக்கும் என்று எவ்வளவைக் கழித்தீர்கள், எதை வைத்து? நான் தரும் தொகையில் அடுத்து என்ன வேலை நடக்கும்? எந்த நிலை வந்தால் கடையை மூடுவீர்கள்?

கடைசிக் கேள்வி கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அதற்குச் செயலால் பதில் சொன்னவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் 2013-இல் தொடங்கிய சாரிட்டி சயன்ஸ் என்ற சிறு அமைப்பு, கிவ்வெல் பரிந்துரைத்த நிறுவனங்களுக்காக நிதி திரட்டுவதையே வேலையாகக் கொண்டது. பிறந்தநாள் பரிசுக்குப் பதிலாக நன்கொடை கேட்பது, மானிய விண்ணப்பங்கள் எழுதுவது என்று பல வழிகளைச் சோதித்து, எது பலன் தந்தது, எது தரவில்லை என்று வெளிப்படையாக எழுதினார்கள். சில ஆண்டுகளில், நிதி திரட்டுவதைவிடப் புதுத் தொண்டு நிறுவனங்களைத் தொடங்குவது மேல் என்று முடிவுசெய்து, தடுப்பூசி நாளைப் பெற்றோருக்குக் குறுஞ்செய்தியில் நினைவூட்டும் வேலைக்கு மாறினார்கள். பிறகு 2018-இல், புதிய தொண்டு நிறுவனங்களை உருவாக்குபவர்களுக்குப் பயிற்சி தரும் சாரிட்டி ஆந்த்ரபிரனர்ஷிப் அவர்களிடமிருந்து பிறந்தது.